ஒரு எட்டு முன்னால வாங்க

வெளியூர் போய் வந்தவர்களின் செல்போனைப் புரட்டினால் இப்படி ஒரு படமாவது கண்ணில் படும். தகரப் பந்தலுக்குக் கீழே பூ கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாள். நேரில் பார்த்தபோது மூக்குத்தி மின்னியது, வெற்றிலைச் சிரிப்பு தெரிந்தது. படத்திலோ அவருக்குப் பின்னால் வெயில் காயும் தெரு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி அப்பியிருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி எடுத்தால் முகம் வந்துவிடும், தெரு வெளுத்துக் காணாமல் போயிருக்கும். எடுத்தவர் பழியைப் போன்மீது போடுகிறார். கடைக்காரர் அடுத்த மாடலை எடுத்துக் காட்டுகிறார்.

போன்மீது பெரிய குற்றமில்லை. மேகமில்லாத நடுப்பகலில் தரையில் விழும் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதே நேரத்தில், மேலே வானம் தெரிகிற நிழலில் 10,000 முதல் 20,000 லக்ஸ்தான் இருக்கும். பந்தலுக்குள் நாலைந்தடி தள்ளிப் போனால் அதிலும் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். வெளிச்சம் இரட்டிப்பாவதையோ பாதியாவதையோ படக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்று கணக்கிடுவார்கள். ஃபிலிம் காலத்தில் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வரும். லென்ஸ் துவாரம் நல்ல வெயிலுக்கு எஃப் 16, திறந்த நிழலுக்கு எஃப் 5.6 என்று அதில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் இடையே மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு வித்தியாசம். நம் கண் தெருவைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் முகத்தைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னை மாற்றிக்கொண்டே இருப்பதால் இந்த எட்டு மடங்கு நமக்கு உறைப்பதில்லை. கேமராவோ தெரு, முகம் இரண்டையும் ஒரே அளவுகோலில் அளக்கிறது.

பந்தலை விட்டு வெயிலுக்கு வரச் சொன்னால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் வெயில் அவ்வளவு தாராளமானது இல்லை. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. குச்சிக்கு விழாத நிழல் மனித முகத்துக்கு விழும். நெற்றியும் மூக்குத்தண்டும் பளபளக்க, கண்கள் புருவத்தின் நிழலில் இரண்டு குழிகளாகிவிடும். தலையில் முண்டாசோ, வியட்நாமியரின் கூம்புத் தொப்பியோ, ராஜஸ்தானியரின் பெரிய தலைப்பாகையோ இருந்துவிட்டால் பாதி முகம் இருட்டு, பாதி முகம் நெருப்பு. முழு நிழலில் இருக்கும் முகத்தைவிட இந்தப் பாதி நிழல் முகம்தான் படக்காரருக்குப் பெரிய தலைவலி.

கடைகளில் இதற்கு மருந்தாக ஃபிளாஷ் விற்கிறார்கள். அதற்குப் பிறகு வருவோம். முன்னோடிகள் கடைப்பிடித்த வழி அதைவிட எளியது, செலவும் இல்லாதது.

1948 டிசம்பரில் வோக் இதழின் வேலையாகப் பெரு நாட்டுக்குப் போன படக்காரர் இர்விங் பென், வேலை முடிந்ததும் ஊர் திரும்பவில்லை. ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் குஸ்கோ நகருக்குப் போனார். அங்கே உள்ளூர்ப் படக்காரர் ஒருவரின் பகல்வெளிச்ச ஸ்டூடியோ கண்ணில் பட்டது. கல் தளம், வரைந்த திரைச்சீலை, ஒரு பக்கமாக உள்ளே வரும் இயற்கை வெளிச்சம். கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த இடத்தைச் சில நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். பண்டிகைக்காக மலைக் கிராமங்களிலிருந்து படம் பிடித்துக்கொள்ள வந்தவர்கள் உள்ளூர்க்காரர் இருந்த இடத்தில் பென்னைக் கண்டார்கள். படத்துக்கு அவர்கள் காசு தருவதற்குப் பதில் அவர் அவர்களுக்குக் காசு கொடுத்தார். அந்த வெளிச்சத்தை அவரால் மறக்கவே முடியவில்லை. 1960களின் பிற்பகுதியில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு கூடார ஸ்டூடியோவையே செய்துகொண்டு மேற்கு ஆப்பிரிக்கா, நேபாளம், நியூ கினி, மொராக்கோ என்று தூக்கிக்கொண்டு அலைந்தார். மின்விளக்குகள் அந்தச் சாமான்களில் இல்லை. வெயிலை மறைத்து ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைக்கும் துணிதான் மொத்த உபகரணமும்.

இன்னும் இரண்டு புகழ்பெற்ற முகங்களும் கூடாரத்துக்குள்தான் எடுக்கப்பட்டன. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் தவித்த ஒரு தாயை டொரோத்தியா லேஞ்ச் எடுத்தது சாய்ப்புக் கூடாரம் ஒன்றின் வாயிலில். 1984 டிசம்பரில் பாகிஸ்தானின் நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி அந்தப் பச்சைக்கண் ஆப்கன் சிறுமியை எடுத்தது கூடாரப் பள்ளியில். அவர் கேமராவில் இருந்தது கோடக்குரோம் 64 ஃபிலிம். வெளிச்ச வித்தியாசம் கொஞ்சம் கூடினாலும் தாங்காத ஃபிலிம் அது. பின்னால் கணினியில் நிழலைத் தூக்கிவிடலாம் என்ற வசதியெல்லாம் அன்று கிடையாது. ஆகவே அந்தத் தலைமுறை வெளிச்சத்தைக் கொண்டுபோவதற்கு முன் தேடிப் பழகியது.

கூடாரத்துக்குப் போகவேண்டிய அவசியம் தமிழ்நாட்டில் இல்லை. செட்டிநாட்டு வீடுகளிலும் பழைய அக்கிரகாரங்களிலும் திண்ணை இருக்கிறது. திண்ணை இல்லாத ஊரில் கடைவாசல், கோயில் மண்டபத்தின் விளிம்பு, பேருந்து நிழற்குடை. தலைக்கு மேல் கூரை வேண்டும், எதிரே வானம் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உச்சிவெயிலைக் கூரை தடுத்துவிடும். எதிர்வானத்தின் வெளிச்சம் முன்பக்கமிருந்து முகத்தில் படியும். புருவத்துக்குக் கீழேயும் அது நுழைவதால் கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி பிறக்கும். அந்தப் புள்ளி இல்லாத கண் படத்தில் செத்த கண்ணாகத்தான் தெரியும்.

எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதில்தான் சூட்சுமம். இறவாணத்துக்குச் சற்று உள்ளே, வெயில் கோட்டிலிருந்து ஓரடி, ஒன்றரையடி நிழல் பக்கமாக முகம் இருந்தால் வெளிச்சம் தாராளம். சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தால் வானம் மறைந்துவிடும். தெருவிலிருந்து எகிறி வரும் வெளிச்சம் மட்டும் தாடைக்குக் கீழே பட்டு முகம் வேறு மாதிரி ஆகிவிடும். திண்ணை விளிம்பில் இருப்பவரைத் தெருவில் நின்று எடுத்தால் அவருக்குப் பின்னால் வீட்டின் உள்ளிருட்டு தானாகவே கறுப்புத் திரையாகிவிடுகிறது. முகத்தைவிட வெளிச்சமான பொருள் எதுவும் சட்டத்துக்குள் இல்லாதபோது கேமரா குழம்புவதில்லை. பூக்கார அம்மாள் படம் கெட்டுப்போனது அவர் நிழலில் இருந்ததால் அல்ல. எடுத்தவர் பந்தலின் உட்பக்கம் நின்றுகொண்டு தெருவைப் பின்னணியாக வைத்ததால்தான். அவரே தெருவுக்கு இறங்கி வந்து மறுபக்கமிருந்து எடுத்திருந்தால் அதே போன், அதே நிமிடத்தில், மூக்குத்தியையும் சேர்த்துக் காட்டியிருக்கும்.

காசி இந்தப் பாடத்துக்குக் கச்சிதமான ஊர். கங்கை அங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், கிழக்குப் பார்த்து இருக்கின்றன. விடியலில் சூரியன் எதிர்க்கரையிலிருந்து எழுந்து படிகளில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் நேராக அடிக்கிறது. முதல் அரைமணி நேரம் தங்கம். அதற்குப் பிறகு எல்லோரும் கண்ணைச் சுருக்கத் தொடங்கிவிடுவார்கள். பயணிகள் அந்த அரைமணிக்காகப் படகில் முண்டியடித்துவிட்டு, மற்றபடி நாள் முழுக்கக் கேமராவைப் பையில் போட்டுவிடுகிறார்கள். பிற்பகலில் சூரியன் கோட்டைச் சுவர்களுக்கும் மாளிகைகளுக்கும் பின்னால் இறங்கும்போது படித்துறைகளே மெல்ல மெல்ல நிழலுக்குள் போகின்றன. எதிரே ஆறும், மணல் பரந்த கிழக்குக் கரையும், அதற்கு மேல் தடையில்லாத வானமும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மொத்தக் கரையும் ஊர் அளவுக்கு நீண்ட ஒரு திண்ணை. முகம் எடுக்க விரும்புகிறவர் காலையைவிட அந்த மாலை நேரத்தையே நம்பலாம்.

காசி வீட்டு முற்றத்துக்குள் கசியும் வெளிச்சத்தை மனிதர்கள் செயற்கையாக உண்டாக்கிய கதையும் உண்டு. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956-இல் வந்தது. அதில் வரும் காசி வீட்டின் முற்றம் கல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட். மேலே திறந்த வானத்திலிருந்து நிழல் விழாமல் இறங்கும் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வானமாகிவிட்டது. இன்று படப்பிடிப்புகளில் நடிகர் முகத்துக்கு அருகே யாராவது ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதே சித்தாந்தம்தான்.

பயணிக்குத் தெர்மாகோல் தோதுப்படாது. சுருட்டினால் தட்டு அளவுக்கு அடங்கும் துணி ரிஃப்ளெக்டர் கடையில் கிடைக்கிறது: ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் வெள்ளி. வெள்ளி வெயிலை அப்படியே கண்ணில் அடிக்கும். முன்பின் தெரியாதவரிடம் அதைக் காட்டுவது கொடுமை. வெள்ளைப் பக்கம் போதும். அதுவும் பிடிக்க ஓர் ஆள் இருந்தால்தான். தனியாகப் போகிறவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நின்றாலே போதும், எதிரே ஓரிரு அடியில் இருக்கும் முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் எகிறிப் போகும். கறுப்பு டி-சர்ட் போட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் வெயில் விழுந்தால் அதைவிடப் பெரிய ரிஃப்ளெக்டர் எந்தக் கடையிலும் இல்லை.

ஆனால் எகிறி வரும் வெளிச்சம் தான் பட்ட இடத்தின் நிறத்தையும் தூக்கிக்கொண்டு வரும். வியட்நாமின் ஹோய் அன் நகரத்து மஞ்சள் சுவர்கள் முகத்துக்கு ஒரு கதகதப்பைக் கொடுக்கும், அது அழகு. செம்மண் தரை தாடையைச் சிவப்பாக்கும். சில முகத்துக்குப் பொருந்தும். மரத்தடியில் நின்றால் கன்னத்தில் பச்சை ஏறும். எல்லாவற்றையும்விட மோசம் சந்தைகளில் கட்டும் நீலத் தார்ப்பாய். அதற்குக் கீழே நிற்பவரை எந்தக் கேமராவாலும் ஆரோக்கியமாகக் காட்ட முடியாது. அங்கே ஒரே வழி அவரைத் தார்ப்பாயின் ஓரத்துக்கு அழைப்பதுதான். சாதாரண நிழலுக்கும் சற்று நீலம் உண்டு, வெளிச்சம் வானத்திலிருந்து வருவதால். கேமராவின் ஒயிட் பேலன்ஸில் நிழலுக்கென்று ஒரு வீட்டுப் படம் போட்ட குறி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் தோலின் சூடு திரும்பி வரும்.

தோல் என்றதும் நம்மவர்களுக்கு மிக நெருக்கமான ஒரு சங்கதிக்கு வந்துவிடுகிறோம். கேமராவின் மீட்டர், முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற அனுமானத்தில் அளக்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு ஒரு கறுத்த பெரியவர் நின்றால், கேமரா அந்த வெள்ளையைக் கண்டு மிரண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். ஏற்கனவே நிழலில் இருக்கும் முகம் இன்னும் உள்ளே போகும். தேர்தல் காலத்துப் புகைப்படங்களில் தலைவர்களின் சட்டை மட்டும் ஜொலிப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து அளக்க வேண்டும். போனில் முகத்தின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைத் தேவைக்கேற்ப மேலோ கீழோ நகர்த்த வேண்டும். சட்டையின் மடிப்பு தெரியும் வரை ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இந்தச் சாய்வு கருவியில் மட்டும் இல்லை, அதைச் செய்தவர்களிடமும் இருந்தது. கோடாக் நிறுவனம் ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது; 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். ஃபிலிமில் அடர்பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று முதலில் அழுத்தம் கொடுத்தவர்கள் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும்தான் என்று ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார். கறுத்த மனிதர்களின் முகம் சரியாக வராதது அதுவரை யாருக்கும் அவசரமாகப் படவில்லை. கூகுள் தன் பிக்சல் 6 போனில் எல்லா நிறத் தோலையும் ஒழுங்காகக் காட்டுவோம் என்று தனி வசதியாக விளம்பரப்படுத்தியது 2021-இல். மாலியின் பமாகோ நகரில் 1948-இல் ஸ்டூடியோ திறந்த படக்காரர் செய்டூ கெய்த்தா அந்த வசதிக்காகக் காத்திருக்கவில்லை. தன் வீட்டு முற்றத்தில் பகல் வெளிச்சத்தில், தன் படுக்கை விரிப்பையே பின்னணியாகத் தொங்கவிட்டு, ஆளுக்குப் பெரும்பாலும் ஒரே ஃபிலிம் என்ற கணக்கில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் கறுத்த தோலின் மினுமினுப்பு இன்றைக்கும் பிரமிக்க வைக்கிறது. கறுத்த தோலுக்கு நேர்வெளிச்சத்தைக் கொட்டுவதைவிட, பக்கவாட்டில் பெரிய பரப்பிலிருந்து வரும் வெளிச்சமே கன்னத்திலும் நெற்றியிலும் வழுக்கி வடிவத்தைக் காட்டும். திண்ணை வெளிச்சம் அதற்கென்றே வாய்த்தது.

இனி ஃபிளாஷ். பின்னணியும் வேண்டும், முகமும் வேண்டும், ஆளை நகர்த்தவும் முடியாது என்ற நிலை வரத்தான் செய்யும். பாய்மரப் படகில் நிற்கும் மீனவரைக் கடலை விட்டுத் திண்ணைக்குக் கூப்பிட முடியாது. பின்னணிக்குத் தக்கபடி கேமராவை வைத்துவிட்டு முகத்துக்கு மட்டும் கொஞ்சம் ஃபிளாஷ் கொடுப்பதை ஃபில் ஃபிளாஷ் என்கிறார்கள். ஃபிளாஷின் அளவை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து வைத்தால் ஃபிளாஷ் போட்டதே தெரியாது. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேல் சாதாரண ஃபிளாஷ் ஷட்டரோடு ஒத்துப்போகாது என்பதுதான் இடைஞ்சல். பின்னணியை மங்கலாக்க எஃப் 2.8-க்கு இறங்கினால் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100-க்கே 1/3200 நொடி தேவைப்படும். அதற்காக ஃபிளாஷைத் துடிதுடிக்கவிட்டு ஷட்டர் நகரும் நேரம் முழுதும் எரிய வைக்கும் முறையை 1986-இல் ஒலிம்பஸ் கொண்டுவந்தது. இன்று எல்லா நல்ல ஃபிளாஷிலும் இருக்கிறது. ஆனால் சக்தியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், ஆளுக்கு ஆறேழு அடிக்குள் நிற்க வேண்டியிருக்கும். ஃபியூஜியின் எக்ஸ் 100 வரிசைக் கேமராக்களில் லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. வெயில் ஊர்களில் முகம் எடுப்பவர்கள் அந்தச் சின்னக் கேமராவை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்ட்டின் பார் 1983 முதல் 1985 வரை லிவர்பூலுக்கு அருகே நியூ பிரைட்டன் கடற்கரையில் பகலிலேயே ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்தார். ஐஸ்கிரீம் ஒழுகும் குழந்தை முகங்களும் குப்பையும் ஒரே வெளிச்சத்தில் உறைந்து நின்றன. அவர் ஃபிளாஷை மறைக்க முயலவே இல்லை; விளம்பரப் படத்தின் பளபளப்பைச் சாதாரண மனிதர்மேல் வேண்டுமென்றே ஏற்றினார். அது ஒரு துணிந்த தேர்வு. தெரியாமல் அடிக்கும் ஃபிளாஷ் அந்தத் தரத்துக்கு வராது. போனின் சின்ன விளக்கும், சட்டைப்பையில் அடங்கும் எல்.ஈ.டி. பலகையும் பகல் நிழலில் வேலைக்காகாது. ஒரு மீட்டர் தூரத்தில் சில நூறு லக்ஸ் கொடுப்பவை 10,000 லக்ஸ் நிழலை என்ன செய்துவிட முடியும்? மாலை மங்கிய பிறகு அவற்றுக்கு மரியாதை உண்டு.

ஆளை நகர்த்துவதே சிறந்த வழி என்றால், நகரச் சொல்லிக் கேட்டாக வேண்டும். பலர் ஃபிளாஷையும் நீண்ட லென்ஸையும் நாடுவதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. தூரத்திலிருந்து திருடிய முகத்தின் வெளிச்சத்தை யாராலும் மாற்ற முடியாது. "அம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா? ஒரு எட்டு முன்னால வாங்க, முகத்துல நல்லா வெளிச்சம் விழும்" என்று கேட்டால் மதுரைப் பூக்கடையில் பெரும்பாலும் மறுப்பு வராது. "எதுக்கு, பேப்பர்ல போடவா?" என்று ஒரு கேள்வி வரும், உண்மையான பதிலைச் சொல்லிவிட்டால் போதும். மொழி தெரியாத ஊரில் கையால் காட்டலாம். வேண்டாம் என்று தலையசைத்தால் கேமராவைக் கீழே இறக்கிவிட வேண்டும். கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்த பயணிகளால், 2019-இல் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைக்கும் அளவுக்கு நிலைமை போனது. மெக்கரி எடுத்த சிறுமியை, ஷர்பத் குலாவை, 2002-இல் மறுபடி தேடிக் கண்டுபிடித்தபோது, உலகமே பார்த்த அந்தப் படத்தை அவர் ஒருபோதும் பார்த்ததில்லை என்று தெரிந்தது. அன்று அந்நியர் ஒருவர் தன்னைப் படம் எடுத்ததில் கோபம் இருந்ததாகவும் அவர் சொன்னார். எடுத்த உடனே திரையைத் திருப்பிக் காட்ட இன்று எல்லோராலும் முடியும். அப்படிக் காட்டும்போது சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்போடு எடுக்கும் இரண்டாவது படம்தான் பெரும்பாலும் தேறும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லா நிழலையும் துரத்த வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றைய போன்கள் பல படங்களை ஒன்றாக அடுக்கி நிழலைத் தானே தூக்கிவிடுகின்றன. முகம் தெரிகிறது, ஆனால் வெயில் ஊரின் வெக்கை காணாமல் போகிறது. அலெக்ஸ் வெப் ஹைட்டியில் எடுத்த படங்கள் 1989-இல் புத்தகமாக வந்தன. அவற்றில் மனிதர்கள் பாதி உடம்போடு இருட்டிலிருந்து வெளியே வருகிறார்கள். சுவர் எரிகிறது, முகங்கள் கறுத்த வடிவங்களாக நிற்கின்றன. அங்கே ரிஃப்ளெக்டர் பிடித்திருந்தால் படமே செத்திருக்கும். அப்படியொரு படம் வேண்டுமென்றால் முகத்தைத் தொடாமல், வெயில் விழும் சுவரைத் தொட்டு அளக்க வேண்டும், போனின் எச்.டி.ஆர். வசதியை அணைக்க முடிந்தால் அணைத்துவிட வேண்டும். ஆள் யாரென்று கோட்டுருவத்திலேயே தெரியும்படி பக்கவாட்டில் திரும்பியிருந்தால் நல்லது. தலைச்சுமை, குடை, வளைந்த முதுகு என்று ஏதாவது ஒன்று அந்தக் கறுப்பில் பேச வேண்டும். நேராக நின்று கேமராவைப் பார்ப்பவருக்கு இந்த முறை ஒத்துவராது. அவரைத் திண்ணை விளிம்புக்கே அழைத்துவிடலாம்.